வெட்டுக்காரர் பார்த்த படம்

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் டிவிடி பெட்டி இருந்தது எங்கள் வீட்டில் மட்டும்தான். அதைக் கொழும்பிலிருந்து வாங்கிவந்த மாமா, படம் ஓடும்போது நடுவில் உட்கார்ந்து ஓயாமல் பேசுவார். அன்று மத்தியானம் அவர் போட்டது, கூலிக்குக் கொலை செய்யும் ஒரு கிழவனின் படம்.

என் மனசு படத்தில் இல்லை. மறுநாள் தேயிலைத் தொழிற்சாலை மெசின்களுக்குக் காவலான ரோதமுனி சாமிக்குப் பூசை. அப்பாவின் கை கொழுந்து அரைக்கிற மெசினில் சிக்காமல் தப்பியதற்காக அம்மா ஒரு கடா நேர்ந்துவிட்டிருந்தார். அந்தக் கடா, நான் போத்தலில் பால் ஊட்டி வளர்த்த கருப்பன் என்பதை அன்று காலையில்தான் எனக்குச் சொன்னார்கள். பாவிகள்! அழுது அழுது என் முகம் வீங்கிப்போயிருந்தது. இதில் பெரிய கொடுமை, அவனை வெட்டப்போகிற பெரியவர் நோட்டன் பிரிட்ஜிலிருந்து பஸ் ஏறி வந்து, என் பக்கத்திலேயே பாயில் உட்கார்ந்து படம் பார்த்ததுதான். நான் வேண்டுமென்றே தள்ளி உட்கார்ந்தேன்.

கடைசியில் கிழவன் ஒரு வாத்தியாரைச் சுடப்போகிறான். வாத்தியாரின் மகள் குறுக்கே வந்து நிற்கிறாள். கிழவன் சுவரைச் சுட்டுவிட்டுப் போய், வயசாகிவிட்டது, குறி தப்பிவிட்டது என்று முதலாளியிடம் சொல்கிறான்.

“இவ்வளவு கிட்டக்க நின்னு குறி தப்புமா? யாருக்குக் காது குத்துறானுங்க!” என்று மாமா சிரித்தார்.

பெரியவர் சிரிக்கவில்லை. “தம்பி, அந்த எடத்த இன்னொருக்கா போடுங்களேன்” என்றார். பார்த்து முடித்தபின் என் பக்கம் திரும்பினார்.

“கடா பாப்பாவோடதா?”

நான் எழுந்து கருப்பனிடம் ஓடினேன்.

மறுநாள் பூசையில் தப்பு மேளச் சத்தம் காதைப் பிளந்தது. மஞ்சள் தண்ணீர் ஊற்றும்போது கடா உடம்பைச் சிலிர்த்தால்தான் சாமிக்குச் சம்மதம்; சிலிர்க்காவிட்டால் வெட்டக்கூடாது. வேறு யார் பிடித்தாலும் கருப்பன் முட்டுவான் என்பதால் கயிறு என் கையில்தான் இருந்தது. பெரியவர் கூட்டத்துக்கு முதுகு காட்டிக் குனிந்து செம்பைச் சாய்த்தார். தண்ணீர் கருப்பன் மேல் படாமல், கழுத்தை ஒட்டி இறங்கித் தரையில் விழுந்தது. மறுபடியும் சாய்த்தார், மறுபடியும் தரைதான். ஐயோ பாவம், கை நடுங்குகிறது, கண்ணும் தெரியவில்லை என்று நினைத்தேன். யாராவது செம்பை வாங்கி ஒழுங்காக ஊற்றிவிடுவார்களோ என்று பயந்தேன்.

பெரியவர் நிமிர்ந்தார். “சிலுப்பலீங்க. சாமிக்கு வேணாமாம். அவுத்து விட்ருங்க.”

அம்மா பதறிப்போனார். “சாமி குத்தமாயிராதா அய்யா?”

“எத்தன வருசமா வெட்டுறேன், எனக்குத் தெரியாதா தாயி? ஒரு பூசணிக்காய ஒடைங்க. நேத்திக்கடன் முடிஞ்சுது.”

அம்மா கையெடுத்துக் கும்பிட்டார். அப்பாடா! நான் கருப்பனின் கழுத்தைக் கட்டிக்கொண்டு, முதல் நாள் அழுததைவிடச் சத்தமாக அழுதேன். மாமாதான் கறி போச்சே என்று முணுமுணுத்துக்கொண்டு திரிந்தார்.

சாயந்திரம் பஸ் வரும்வரை பெரியவர் எங்கள் வாசலில் உட்கார்ந்திருந்தார். அம்மா கொதிக்கக் கொதிக்கப் பிளேன்டீ கொடுத்தார். பெரியவர் கையை நன்றாக உயர்த்தி, ஒரு கோப்பையிலிருந்து இன்னொன்றுக்கு ஊற்றி ஊற்றி ஆற்றினார். கீழே ஒரு சொட்டு சிந்தவில்லை. நான் கருப்பனுக்குக் குழை ஊட்டுவதை விட்டுவிட்டு வாயைப் பிளந்து பார்த்தேன்.

“தாத்தா, காலையில நீங்க டீ குடிக்கலயா? அதான் கை அப்புடி நடுங்குச்சா?”

பெரியவர் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“ஆமா பாப்பா. மறந்துட்டேன்” என்றார்.

நான் நம்பிவிட்டேன்.