குருமனையின் வென்டிலேட்டர்

ஜெர்மனியின் லைப்சிக்கில், போதகர் குடியிருக்கும் பழைய குருமனை ஒன்றைப் பார்க்க மகளுடன் போயிருந்தேன். போதகர் அறைக் கதவுக்கு மேலே, மரச்சட்டம் போட்ட வென்டிலேட்டர். இந்த ஊர் மிஷன்காரர்கள் மயிலாடுதுறைப் பக்கம் கட்டிய எங்கள் குருமனையிலும் அச்சு அசலாக இதுவே இருந்தது.

அப்பா அங்கே போதகர். அவர் அறையில் பேசுவதெல்லாம் அதன் வழியாக வெளியே கேட்கும். ஒன்பது வயதில் ஒருநாள் ஸ்டூல் போட்டு நின்றேன். உள்ளே, என் வகுப்பு எஸ்தரின் அம்மா மேரி டீச்சர் அழுதுகொண்டிருந்தார்.

"அவரு சிங்கப்பூர்ல சாகலங்கய்யா. வேற குடும்பத்தோட இருக்காரு. எஸ்தருக்குத் தெரிய வேணாம்."

அந்த ஞாயிறு வேதவசனப் போட்டியில் எஸ்தர் என்னை முந்தினாள். எல்லோர் முன்னாலும் அவளிடம் சொன்னேன்: "உங்கப்பா ஒண்ணும் சாகல. நீங்க வேணாம்னு போயிட்டாரு."

அதன்பின் அவர்கள் கோயிலுக்கு வரவில்லை. அப்பா என்னை அடிக்கவில்லை. வென்டிலேட்டரை மூடிப் பலகை அடித்தார். ஆணிகளை ஒவ்வொன்றாக என்னையே எடுத்துத் தரச் சொன்னார். சித்திரை வெயிலில் அறை வெந்தது. மனம் விட்டுப் பேச யாரும் வராத அந்த அறையில், கதவைச் சாத்திக்கொண்டு அவர் வியர்த்துக் கிடந்தார்.

"மேல அது எதுக்குப்பா?" என்றாள் மகள்.

"காத்து வர்றதுக்கு" என்றேன்.