கூரையைப் பிரித்த பங்குனி உத்திரம்

பங்குனி உத்திரத்தன்று காலை, வடகரையை முதுகுக்குப் பின்னால் விட்டுவிட்டுக் குற்றாலத்தை நோக்கி நடந்துகொண்டிருந்தேன். சில வருடங்களுக்கு முன்னால் நடந்தது இது. வடகரையில் ஒரு தேங்காய்க் களத்தில் மட்டை உரித்துக்கொண்டிருந்தேன். காய் வரத்து குறைந்ததும் களத்துக்காரர் கடைசியாக வந்த ஆளை முதலில் நிறுத்தினார். கடைசியாக வந்தவன் நான். அதில் வருத்தப்பட ஒன்றும் இல்லை. ஏழாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து எனக்கு இதுதான் வாழ்க்கை. செங்கல் சூளை, பரோட்டாக் கடை, மலைக்கு அந்தப் பக்கம் ரப்பர் தோட்டம் என்று பல இடங்களில் இருந்தாயிற்று. பங்குனியில் குற்றாலத்து அருவிகள் வெறும் பாறையாகத்தான் கிடக்கும். ஆனால் சாரல் தொடங்குவதற்கு முன்னால் லாட்ஜுகளுக்கு வெள்ளையடிப்பார்கள் என்று யாரோ சொல்லியிருந்தார்கள். அதை நம்பித்தான் போனேன்.

வயிற்றில் ஒன்றும் இல்லை. ரோட்டிலோ வேன் மேல் வேனாகப் போய்க்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் பங்குனி உத்திரத்துக்கு ஒவ்வொரு குடும்பமும் தன் சாஸ்தா கோயிலைத் தேடிப் போகும். சென்னையில் கடை வைத்திருப்பவரும் சரி, ஊரிலேயே வயல் பார்ப்பவரும் சரி, அன்றைக்கு ஏதாவது ஒரு மலையடியில் மூன்று கல்லைக் கூட்டிப் பொங்கல் வைத்துக்கொண்டிருப்பார்கள். சோறு இலவசம். அது எனக்குத் தெரியும்.

நீர்மோர் டிரம்களை ஏற்றிய ஒரு லோடு ஆட்டோ பக்கத்தில் நின்றது. ஓட்டி வந்தவர் நல்ல உடம்புக்காரர், நெற்றி நிறைய விபூதி.

"என்னவே, எந்தச் சாஸ்தாவுக்குப் போறீரு?"

"தெரியாது அண்ணாச்சி. எங்க அப்பா சொல்லாமலே போய்ச் சேந்துட்டாரு."

"அப்போ ரொம்ப நல்லதாப் போச்சு. எங்கன பந்தி பெருசோ அதான் உம்ம சாஸ்தா. ஏறி டிரம்மைப் பிடியும். தளும்புது."

ஏறிப் பிடித்துக்கொண்டேன். மலையை ஒட்டியிருந்த ஒரு சிற்றூருக்குப் போனோம். அதன் பெயர் வேண்டாம். தோப்புக்குள் கோயில். அதைச் சுற்றி இருபது முப்பது அடுப்புகள். தோப்பைத் தாண்டி மலையைப் பார்த்தாற்போல ஒரு வரிசை வீடுகள், எல்லாமே முடைந்த தென்னோலைக் கிடுகு வேய்ந்தவை. மலையின் நடுவயிற்றில் ஒரு புகை எழும்பி நின்றது. அதை யாரும் பெரிதாகப் பார்க்கவில்லை.

சும்மா சாப்பிடக் கூச்சமாக இருந்தது. ஒரு குடத்தை வாங்கிக்கொண்டு தண்ணீர் எடுக்கப் போனேன். அந்த வரிசையில் மலைக்கு மிக அருகில் இருந்த கடைசி வீட்டில் அடிகுழாய் இருந்தது. வீட்டுக்கார அக்காவுக்கு ஐம்பது வயதிருக்கும். தனியாள். ஆடு வளர்த்துப் பிழைப்பவர். குழாய் அடிக்க விடாமல் தானே அடித்துக்கொடுத்தார். அந்தக் குழாய்க்கு அவர் கை மட்டும்தான் பிடிக்குமாம்.

"அந்தப் புகை என்னக்கா?" என்றேன்.

"காட்டுத் தீ. ரெண்டு நாளாச்சு. போன் போட்டுப் போட்டு எனக்கு வெரல் வலிக்குது."

பிறகு குடம் நிறைகிற வரை கதையைச் சொன்னார். அந்த வீடுகள் நிற்கும் இடம் காட்டைச் சேர்ந்ததா, ஊரைச் சேர்ந்ததா என்று இரண்டு அரசு அலுவலகங்களுக்குள் பல வருடத் தகராறு. அது தீரும்வரை ஓடோ காங்கிரீட்டோ போடக் கூடாது என்று உத்தரவு. அதனால்தான் கிடுகு. இன்னொரு சங்கதியும் இருந்தது. வெயில் காலம் பிறக்கும் முன்னால் காட்டுக்கும் வீடுகளுக்கும் நடுவில் புல்லையும் செடியையும் வழித்து வெறும் மண்ணாக ஒரு பட்டை போடுவார்கள். தீக்கோடு என்று சொல்வார்கள். தீ அதைத் தாண்டாது. அந்த வருடம் அதைப் போடவில்லை. இந்த அலுவலகம் அந்த அலுவலகத்தைக் கைகாட்டியது, அது இதைக் கைகாட்டியது. ஊர்க்காரர்களே போட்டுக்கொள்ளலாம் என்றால், செடியில் கை வைத்தால் வழக்கு என்று பெரிய போர்டு ஒன்று வைத்திருந்தார்கள். போர்டு மட்டும் சரியான நேரத்துக்கு வந்துவிட்டது.

"என் வீடு எந்த ஆபீஸ்ல சேந்ததுன்னு அவ்வளவு படிச்சவுகளுக்கும் தெரியல. தீ வந்தா அதுக்குத் தெரிஞ்சிரும்" என்று சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன்.

உச்சிப்பொழுதில் காற்று திரும்பியது.

முதலில் சாம்பல் விழுந்தது. வெந்துகொண்டிருந்த பானைகளில் கறுப்புப் பொடியாக விழுந்தது. உடனே சண்டை. "உங்க அடுப்புத் தீதான் பரவிட்டுது", "எங்க அடுப்பா? உங்க சித்தப்பன் வெறகைக் குத்துத குத்துல சாம்பல் பறக்காம என்ன செய்யும்?" என்று இரண்டு குடும்பங்கள் கரண்டியோடு நேருக்கு நேர் நின்றன. அப்புறம்தான் ஒருவர் மேலே பார்த்துக் கத்தினார்.

"ஏலே, அங்கன பாருங்கலே! எறங்குது!"

எல்லோரும் எழுந்துவிட்டார்கள். ஆனால் ஒரு அடுப்பும் அணையவில்லை. பொங்காத பானையை இறக்கினால் குடும்பத்துக்கு ஆகாது என்று எங்கள் பக்கத்தில் ஒரு பிடிவாதம் உண்டு. மலை எரிந்து இறங்குகிறது, இங்கே பெண்கள் விறகைத் தள்ளித் தள்ளி, "பொங்கு, பொங்கித் தொலை" என்று பானையிடம் மன்றாடிக்கொண்டிருந்தார்கள். ஒருத்தி தன் புருஷனைப் பார்த்து, "நீங்க போய்த் தீயை அணைங்க, இது பொங்குன உடனே நான் வாரேன்" என்றாள்.

தீயணைப்பு வண்டி வந்துவிட்டது என்று சத்தம் கேட்டது. மணியோசையும் கேட்டது. ஆனால் வண்டி வரவில்லை. ஓடிப் போய்ப் பார்த்தால், ஊர் நுழையும் இடத்தில் புதிதாகக் கட்டிய சிமெண்ட் வளைவுக்கு அந்தப் பக்கம் நின்றது. வளைவு தாழ்வு, வண்டி உயரம். ஊருக்குள் வர வேறு வழி கிடையாது.

மோர் அண்ணாச்சி தலையில் கை வைத்துக்கொண்டார். "நல்வரவுன்னு எழுதிப் போட்டுட்டு வரவிடாமப் பண்ணிட்டானுவளே!"

அந்த வண்டிக்காரர்களை நான் குறை சொல்ல மாட்டேன். ஓட்டுநரை மட்டும் விட்டுவிட்டு மற்றவர்கள் வாளியும் மண்வெட்டியுமாக இறங்கி எங்களோடு ஓடி வந்தார்கள். வண்டியின் தண்ணீர்க் குழாயை இழுத்துப் பார்த்தார்கள். தோப்பு வரைகூட எட்டவில்லை.

தீ மேலே ஏறும்போது ஓடும், கீழே இறங்கும்போது நடக்கும். அந்த நடைதான் எங்களுக்குக் கிடைத்த நேரம். போடாமல் விட்ட தீக்கோட்டை இப்போது போடுவது என்று ஆனது. மண்வெட்டி, ஆட்டுக் கிடாவுக்காகக் கொண்டுவந்த அரிவாள், பெரிய கரண்டி, வேனின் ஜாக்கிக் கம்பி என்று கையில் கிடைத்ததோடு வரிசையாக நின்றோம். வேட்டியை மடித்துக் கட்டிய ஒரு கண்ணாடிக்காரர், வெளியூரில் ஏதோ அலுவலகத்தில் வேலை பார்ப்பவர் போல, அந்தப் போர்டை வாசித்துவிட்டுத் தயங்கினார்.

"கேஸ் போடுவாவளே?"

"எல்லார் மேலயும் போடட்டும்" என்றார் மோர் அண்ணாச்சி. "அடுத்த உத்திரத்துக்குக் கோர்ட்டு வாசல்ல பொங்கல் வப்போம். வெட்டும்வே!"

அவ்வளவுதான். கண்ணாடிக்காரர் வெட்டிய வெட்டில் என் கால் தப்பியது பெரிய விஷயம்.

பட்டை வளர்ந்தது. ஆனால் காற்றில் பொறி பறந்து வந்தது. கடைசி வீட்டுக் கூரை நான்கு மாத வெயிலில் காய்ந்த கிடுகு. ஒரு பொறி உட்கார்ந்தால் போதும், அக்கா வீட்டில் தொடங்கி வரிசை முழுவதும் போய்விடும். எல்லாக் கூரையையும் நனைக்கத் தண்ணீர் கிடையாது. அடிகுழாய் ஒரு நேரத்தில் ஒரு குடம்தான் தரும். நான் சூளையிலும் தோட்டத்திலும் ஓலைக் கூரைகளுக்கு அடியில் கிடந்தவன், அவை பற்றும் வேகம் தெரியும். அதனால் மனதில் பட்டதைச் சொல்லிவிட்டேன்.

"அக்கா, உங்க கூரையைப் பிரிச்சுரணும். எரிய ஒண்ணும் இல்லைன்னா தீ இங்கன நின்னுரும். மத்த வீட்டுக்குத் தண்ணி பத்தும்."

அவர் வாசலை மறித்து நின்றார். ஆடுகளை ஏற்கெனவே தோப்புக்கு ஓட்டிவிட்டார். இப்போது இரண்டு கையையும் நிலையில் ஊன்றிக்கொண்டார்.

"ஒவ்வொரு கிடுகும் நான் மொடைஞ்சதுலே. நீ ஒரு குடம் தண்ணி எடுக்க வந்தவன். என் வீட்டைப் பிரிக்கச் சொல்லுதியோ?"

அவர் சொன்னது நியாயம். நான் நாளைக்குப் போய்விடுவேன், அவர் அங்கேதான் கிடக்க வேண்டும். கூரையைப் பிரித்த பிறகு காற்று திரும்பிப் போய்விட்டால்? மறுபடி வேயக் கூடாது என்று யாராவது உத்தரவோடு வந்தால்? பக்கத்து வீட்டில் ஒரு பெண் கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு பாத்திரங்களை வெளியே தூக்கிப் போட்டுக்கொண்டிருந்தாள். அக்கா அவளைப் பார்த்தார். பிறகு மலையைப் பார்த்தார். நிலையிலிருந்து கையை எடுத்தார். உள்ளே போய் அரிவாளைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார்.

"கயித்தை மட்டும் அறு. கம்பை ஒடிச்சே, கொன்னுருவேன்."

சுவரேறிக் கயிறுகளை அறுத்தேன். கீழே நின்றவர்கள் கிடுகுகளைக் கிழியக் கிழிய இழுத்துத் தோப்புக்கு அந்தப் பக்கம் வறண்டு கிடந்த வாய்க்காலில் போட்டார்கள். கூரை கழன்றதும் வீட்டுக்குள் வெயில் விழுந்தது. அடுக்குப்பானை, அரிசிப் பை, சாமி படம் எல்லாம் பளிச்சென்று தெரிந்தன. அக்கா அதைப் பார்க்காமல் குழாயடிக்கப் போய்விட்டார். அந்தக் குழாய் அன்றைக்கு நிற்கவே இல்லை.

குறுக்குக் கம்புகள் மட்டும் மிச்சம். அவற்றில் பொறி விழுந்து ஓரிடத்தில் புகையத் தொடங்கியது. குடங்கள் எல்லாம் அடுத்த வீடுகளுக்குப் போயிருந்தன. மோர் அண்ணாச்சி ஒரு கணம் தன் டிரம்மைப் பார்த்தார். "சாமி கோவிச்சுக்கிடாது" என்று சொல்லி ஒரு வாளி நீர்மோரை மொண்டு என்னிடம் நீட்டினார். ஊற்றினேன். அடுத்த வாளி. அதற்கடுத்த வாளி. பச்சை மிளகாயும் கறிவேப்பிலையும் கம்புக்குக் கம்பு தொங்கின. பெருங்காய மணம் என் தலைமுடியிலேயே ஒட்டிக்கொண்டது.

தீ பட்டை வரை வந்தது. அங்கே கொஞ்ச நேரம் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நாக்கை நீட்டிப் பார்த்தது. தாண்டிய பொறிகளை வேப்பங்கொப்பால் அடித்து நசுக்கினோம். தீயணைப்புக்காரர்கள் தரையோடு தரையாகக் குனிந்து அடித்தார்கள். ஒரு நேரத்தில் எதிரே எரிவதற்குப் புல் இல்லாமல் போனது. தீ அப்படியே உட்கார்ந்துவிட்டது.

முதலில் யாரும் நம்பவில்லை. பிறகு தோப்புக்குள்ளிருந்து ஒரு பெண் குலவை போட்டாள். அவள் பானை அப்போதுதான் பொங்கியிருந்தது. தீ அணைந்ததற்குத்தான் குலவை என்று நினைத்து மற்றவர்களும் போட்டார்கள். மலை எதிரொலித்தது. கண்ணாடிக்காரர் முகமெல்லாம் கரியாக, கரண்டியைத் தூக்கிக்கொண்டு ஆடவே ஆரம்பித்துவிட்டார். அவர் மனைவி, "இருவத்தஞ்சு வருசமா இந்த ஆட்டத்தை எங்கன ஒளிச்சு வச்சிருந்தாவ?" என்று கேட்டாள்.

அன்றைக்குப் பொங்கல் பாதி தீய்ந்துதான் இருந்தது. அவ்வளவு ருசியாக நான் சாப்பிட்டதில்லை. பந்தி அக்காவின் வீட்டில்தான். கூரையில்லாத வீட்டில், வானத்துக்கு அடியில், இலை போட்டு உட்கார்ந்தோம். சண்டை போட்ட இரண்டு குடும்பங்களும் ஒரே சட்டியிலிருந்து சாம்பார் மொண்டு ஊற்றின. வளைவுக்கு அந்தப் பக்கம் காவல் இருந்த ஓட்டுநருக்கு ஒரு தூக்குவாளி போனது. அக்கா எல்லோருக்கும் பரிமாறிவிட்டு, அண்ணாந்து பார்த்து, "காத்து நல்லாத்தான் வருது" என்றார். சிரித்துச் சிரித்துப் புரையேறியது. சாயங்காலம் வேன்கள் போய்விட்டன. நான் தோப்பிலேயே படுத்துக்கொண்டேன்.

மறுநாள் காலை ஜீப் வந்தது. இரண்டு அலுவலகத்து ஆட்களும் ஒரே ஜீப்பில் வந்தது அதுதான் முதல் முறை என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். நாங்கள் வெட்டிய பட்டையை நடந்து பார்த்தார்கள். ஒருவர் நல்ல மனிதர்தான். தீக்கோடு போடக் கூலிக்கு ஆள் வேண்டும், வருகிறாயா என்று என்னைக் கேட்டார். எரிந்து முடிந்த பக்கத்தைக் காட்டி, "எங்கன சார் போடணும்?" என்றேன். அவரும் சிரித்துவிட்டார். இன்னொருவர் அக்காவின் வீட்டைப் பார்த்து, இடம் யாருடையது என்று தெளிவாகும் வரை மறுபடி கூரை போட வேண்டாம் என்று சொன்னார். அக்கா தலையாட்டினார். ஜீப் வளைவுக்கு அடியில் தாராளமாக நுழைந்து போனது.

அது போன தூசி அடங்குவதற்குள் லோடு ஆட்டோ வந்து நின்றது. மோர் அண்ணாச்சி வடகரைத் தோப்புகளில் கேட்டு வாங்கிப் புதுக் கிடுகைக் கட்டுக் கட்டாக ஏற்றிக்கொண்டு வந்திருந்தார். தோப்புக்காரர்கள் விஷயம் கேட்டுச் சும்மாவே கொடுத்தார்களாம். பின்னால் கயிற்றுக் கண்டோடு கண்ணாடிக்காரர் உட்கார்ந்திருந்தார். ஊருக்கே போகவில்லையாம்.

நான் பையைத் தோளில் போட்டிருந்தேன். அக்கா கேட்டார்.

"கூரை மேயத் தெரியுமா?"

"அறுக்கத்தான் தெரியும்க்கா."

"அறுத்தவன்தான் மேயணும். ஏறு."

பையைச் சுவரோரம் வைத்துவிட்டு ஏறினேன். லாட்ஜுகள் வெள்ளையடிக்காமல் காத்திருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். அவர் கீழிருந்து கிடுகைத் தூக்கித் தரவும், எங்கே கட்ட வேண்டும் என்று திட்டித் திட்டிச் சொல்லவும், நான் கம்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டு போனேன். பாதியில் விட்டுவிட்டு நடந்த வேலைகள் என் வாழ்க்கையில் நிறைய. கடைசிக் கயிறு வரை முடித்துவிட்டு, திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தது அந்த ஒரு வேலையிலிருந்துதான்.