நல்லா இருக்கு என்று சொன்ன பலாஸியா

ஒலிங்கா ஊரைவிட்டுக் கிளம்பியது மே மாதத்தின் முதல் புதன்கிழமை. ஆற்றுப் பனிக்கட்டி இன்னும் உடையவில்லை. ஆனால் உடையப்போகிறேன், உடையப்போகிறேன் என்று முனகத் தொடங்கியிருந்தது. பிரசவத்துக்கு ஒரு மாதம் முன்பே விமானத்தில் பக்கத்துப் பெரிய ஊரான பெத்தேல் போய், ஆஸ்பத்திரிக்குப் பக்கத்து விடுதியில் வயிற்றைத் தடவிக்கொண்டு காத்திருப்பது எங்கள் பக்கத்து வழக்கம்.

சரளைக்கல் ஓடுபாதையின் ஓரத்தில் எடைப் பலகையைப் போட்டுவிட்டு நின்றாள் அக்கா பலாஸியா. எங்கள் ஊரில் விமானக் கம்பெனிக்கு ஏஜென்ட் அவள்தான்.

"ஏறுடி."

"நான்தான் சொன்னேனே அக்கா, நூற்று அறுபது பவுண்டு."

"அது போன வருஷத்து எடை. ஏறு."

மாமன் மகன் மோக்ஸி முள்ளை எட்டிப் பார்த்துச் சீட்டியடித்தான். "பைலட், பேசாம நீ இறங்கிக்கோ. இவ மட்டும் போகட்டும்."

"உன் வாயை ஏத்தினாதான்டா விமானம் எழும்பாது" என்றாள் ஒலிங்கா. மாமன் மகனும் அத்தை மகளும் ஒருவரையொருவர் நாலு வார்த்தை கேலி பேசாமல் பிரிந்தால், என்ன சண்டை என்று ஊரே விசாரிக்க வந்துவிடும்.

விமானப் படியில் கால் வைத்தவள் திரும்பி அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். கேலியெல்லாம் போய்விட்டது. "வந்துடுவேல்ல? என் புருஷனோ கப்பல்ல மீன் பிடிச்சிட்டிருக்கான். தனியா என்னால முடியாதுக்கா."

"இந்த மாசம் மூணாவது வெள்ளிக்கிழமை அங்க இருப்பேன். உன் கையை நான்தான் பிடிப்பேன்."

அம்மா போன பிறகு ஒலிங்காவை வளர்த்தவள் பலாஸியா. பள்ளிக்கூடத்தின் முதல் நாளிலும் கையைப் பிடித்தது அவள்தான். அன்று ஒலிங்கா கடித்த தழும்பு இன்னும் இருக்கிறது.

பலாஸியா இந்த வேலைக்கு வந்ததே ஒரு கூத்து. பழைய ஏஜென்ட் பள்ளிக்கூடச் சமையல்காரியோடு ஓடிப்போனான். விமானத்தில்தான் ஓடினான், டிக்கெட் எடுக்காமல். அந்த வாரம் ஊரில் ஓடுகிற நிலையில் இருந்த ஒரே நாலுசக்கர வண்டி பலாஸியாவுடையது. கம்பெனி வேறு தகுதி எதையும் கேட்கவில்லை.

தினமும் காலையில் ஓடுபாதையை நடந்து பார்ப்பாள், நாய்களை விரட்டுவாள், பெத்தேலுக்கு வானத்தையும் தரையையும் பற்றிச் சொல்லுவாள். பிறகு பயணிகளின் எடை. எல்லாரும் குறைத்துத்தான் சொல்லுவார்கள். பலகை பழுதான நாட்களில், யார் எவ்வளவு பொய் சொல்லுவார்கள் என்பதை மனதிலேயே கூட்டிக்கொள்வாள். பாதிரியார் கொஞ்சமாகப் பொய் சொல்லுவார், டீச்சர் தாராளமாக. பொய் சொல்லாத பயணி என்று அவள் மதித்தது நாய்களை மட்டும்தான்.

ஆனால் வானிலையில் அவள் கறார். கண் கூசும் நீல வானம், இலை அசையாத நாள், அதற்கும் அவள் சொல்லுவது "மோசமில்ல". அதைக் கேட்டால் போதும், பைலட்டுகள் கிளம்பிவிடுவார்கள். அவள் இல்லாத நாளில் பொறுப்பு மோக்ஸிக்கு. அவனுக்கு எல்லா நாளும் "சூப்பர்", ஏனென்றால் அவனுடைய சிகரெட் விமானத்தில்தான் வரும். ஒருமுறை அவனுடைய சூப்பரை நம்பி வந்த பைலட் மூடுபனியில் ஊரையே காணாமல் திரும்பிப் போனான்.

அந்த வருஷம் வெயில் அவசரப்பட்டது. சரளைக்கு அடியில் உறைந்திருந்த மண் இளகி, ஓடுபாதை கஞ்சியாகிவிட்டது. ஆற்றில் வீடு அளவுக்குப் பனிக்கட்டிகள் மிதந்தன. படகும் போகாது, பனிவண்டியும் போகாது. மூன்றாவது வெள்ளிக்கிழமை காலை பலாஸியா ஓடுபாதையில் குதிகாலை ஊன்றிப் பார்த்தாள். பூட்ஸ் உள்ளே போனது. இழுத்தபோது கால் மட்டும் வெளியே வந்தது. கூட வந்திருந்த மோக்ஸி விழுந்து விழுந்து சிரித்தான்.

அப்போதுதான் ஒலிங்காவின் போன். "அக்கா, நாளுக்கு முன்னாடியே வலி எடுத்துடுச்சு. எப்ப வர்றே?"

அதை வைத்த கையோடு பெத்தேலிலிருந்து பைலட் ஹால்வர் கூப்பிட்டான். "பலாஸியா, எப்படி இருக்கு?"

சேறு சொட்டும் சாக்ஸோடு ஒற்றைக் காலில் நின்றபடி பலாஸியா சொன்னாள்: "நல்லா இருக்கு."



"என்ன சொன்னே?"

"ரொம்ப நல்லா இருக்கு. சூப்பர்."

"பக்கத்துல மோக்ஸி நிக்கிறானா?"

"நிக்கிறான்."

"கையில துப்பாக்கி ஏதாவது வெச்சிருக்கானா? இத்தனை வருஷத்துல உன் வாயிலேர்ந்து 'மோசமில்ல'க்கு மேல நான் கேட்டதே இல்ல. உண்மையைச் சொல்லு."

அவள் சேற்றில் புதைந்து கிடந்த பூட்ஸைப் பார்த்தாள். பூட்ஸ் இருந்த இடத்தில் விமானச் சக்கரத்தை மனதுக்குள் வைத்துப் பார்த்தாள். மூக்கு குத்திக் கவிழும். உள்ளே ஹால்வர் இருப்பான்.

"என் பூட்ஸ் உள்ள போயிடுச்சு ஹால்வர். ஒலிங்காவுக்கு வலி வந்துடுச்சு."

"என்னால வர முடியாது பலாஸியா."

"வராதே. வந்தா நானே கொன்னுடுவேன்."

ஹால்வர் தொண்டையைச் செருமினான். "வேணும்னா நான் போய் அவ கையைப் பிடிச்சுக்கட்டுமா? சும்மாதானே உக்காந்திருக்கேன்."

"மோதிரத்தைக் கழட்டிட்டுப் போ" என்றாள் பலாஸியா.

போனான். போனை ஒலிங்காவின் காதுக்குப் பக்கத்தில் வைத்து, அக்கா திட்டுவதை அறை முழுக்கக் கேட்கவிட்டான். பெண் குழந்தை. முதல் அழுகையைப் பலாஸியா போனில்தான் கேட்டாள். கேட்டுவிட்டு, பூட்ஸைத் தோண்டி எடுக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டு, யாரும் பின்னால் வராதபடி வேகமாக ஓடுபாதைக்கு நடந்தாள். ஹால்வருக்கு விரல்கள் வீங்கி, அந்த வாரம் அவன் விமானத்தைத் தொடவே இல்லை.

அதற்குப் பிறகு ஊரில் யாரும் அவளைப் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. "நல்லா இருக்கா? ரொம்ப நல்லா இருக்கா?" என்றுதான் கூப்பிட்டார்கள். மோக்ஸி அதை நாய்க்குக்கூடச் சொல்லிக்கொடுக்கப் பார்த்தான்.

ஓடுபாதை காய ஜூன் கடைசியாகிவிட்டது. சால்மன் மீன்கள் ஆற்றில் ஏறத் தொடங்கிய அன்று, பலாஸியாவின் போனுக்கு ஒரு செய்தி வந்தது:

"பெத்தேல்லேர்ந்து நம்ம ஊருக்கு ரெண்டு சீட் போடுக்கா. நான் நூற்று அறுபது. சரி, நூற்று எழுபத்தஞ்சு. பாப்பா பத்தரை பவுண்டு, அவ பொய் சொல்ல மாட்டா, அதுல எதையும் கூட்டாதே. ஓடுபாதை எப்படி இருக்கு? நல்லா இருக்குன்னு மட்டும் சொல்லித் தொலைக்காதே. ஹால்வர் கிளம்ப மாட்டான்."