மாமாவின் அறையில் சவுக்குக் கிளை

அந்த வருஷம் கிறிஸ்துமஸுக்கு வீட்டை ஜோடிக்கப் போவதில்லை என்று டிசம்பர் பிறந்ததுமே மனசுக்குள் முடிவு செய்துவிட்டேன். யாரிடமும் சொல்லவில்லை. எழுபதுகளின் நடுப்பகுதி அது. செங்கல்பட்டில் ஸ்டேஷனுக்குப் பின்னால் ஓட்டு வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். என் கணவர் கூட்ஸ் வண்டியில் கார்டு. வாரத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். மகளுக்கு ஒன்பது வயது. நான் படாளத்துப் பக்கம் ஒரு பள்ளியில் டீச்சர்.

வீட்டில் நாலாவது ஆள் என் மாமனார். மழை தொடங்கிய வாரத்தில், காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே கிணற்றடியில் சாய்ந்துவிட்டார். வலது கை, வலது கால், பேச்சு, மூன்றும் ஒரே நிமிஷத்தில் போய்விட்டன. ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் வைத்திருந்து, "இனி வீட்டிலேயே பாத்துக்கோங்க" என்று அனுப்பினார்கள். வந்த பிறகு பேச்சில் ஒரு சொல் மட்டும் திரும்பியது. "வேண்டாம்." தண்ணீர் கேட்கவும் அதுதான், தண்ணீர் போதும் என்று சொல்லவும் அதுதான்.

விடிவதற்கு முன்னே எழுந்திருப்பேன். அவரைப் புரட்டிப் படுக்க வைத்து, முதுகைத் துடைத்துப் பவுடர் போட்டு, துணி மாற்றி, கேழ்வரகுக் கஞ்சியைக் கரண்டி கரண்டியாக ஊட்டுவேன். பாதி உள்ளே போகும், பாதி கழுத்து வழியாக இறங்கும். பிறகு மகளை எழுப்பிக் கிளப்பிவிட்டு பஸ்ஸுக்கு ஓடுவேன். பகலில் பார்த்துக்கொள்ள அடுத்த தெருப் பெண் ஒருத்தி வந்துபோவாள். சாயங்காலம் திரும்பியதும் மறுபடி அதே வேலை. பஸ்ஸில் நின்றுகொண்டே தூங்க அந்த இரண்டு மாசத்தில் கற்றுக்கொண்டேன்.

மாமா படுத்திருந்தது முன்னறை. ஜன்னலும் வெளிச்சமும் உள்ள அறை அது ஒன்றுதான். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவர் ஜோடிக்கிற அறையும் அதுதான். அதில் அவர் கண்டிப்பு எங்கள் சொந்தக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். காகிதத் தோரணத்தை நூல் பிடித்து அளந்து கட்டுவார். மூங்கில் பிளாச்சில் நட்சத்திரம் செய்து அவரே பசை காய்ச்சி ஒட்டுவார். கிறிஸ்துமஸ் மரத்துக்குப் பதில் ஒரு சவுக்குக் கிளையை நிறுத்துவார். கல்யாணமான முதல் வருஷம் நான் ஆசையாக ஒரு தோரணம் கட்டினேன். என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. நான் சமையலறைக்குப் போனதும் அதை அவிழ்த்து வேறு மாதிரி கட்டிவிட்டார். அதற்குப் பிறகு பதினொரு கிறிஸ்துமஸ் நான் அந்த வேலையில் கை வைக்கவே இல்லை. அவரும் கூப்பிடவில்லை. குழம்பில் உப்பு, வாசலில் கோலம், மகளின் பின்னல், எதைப் பார்த்தாலும் அவர் முகத்தில் ஒரு சின்னச் சுளிப்பு வரும். வாய் திறந்து திட்டியதே இல்லை. அந்தச் சுளிப்பு போதும்.

ஆகவே இந்த வருஷம் ஜோடிக்காவிட்டால் கேட்க ஆளில்லை என்று நினைத்தபோது, உண்மையைச் சொல்கிறேன், கொஞ்சம் நிம்மதியாகத்தான் இருந்தது. அலமாரி மேலிருந்த காகிதப் பெட்டியும் ஓட்டு ஒழுக்கில் நனைந்து ஊறிப் போயிருந்தது. சாயமெல்லாம் ஒன்றோடொன்று கலந்து, திறந்தால் களிமண் மாதிரி இருந்தது. பெட்டியோடு எறிந்தேன்.

பண்டிகைக்கு மூன்று நாள் முன்னால் மீன்காரி வந்தாள். மாபலிபுரத்திலிருந்து காலை பஸ்ஸில் கூடையோடு வந்து எங்கள் தெருக்களில் விற்றுவிட்டு மதியம் திரும்புகிறவள். அன்றைக்குக் கூடை ஒரு இடுப்பில், மறு தோளில் ஆள் உயரத்துக்கு ஒரு சவுக்குக் கிளை. கயிற்றால் சுற்றிக் கட்டியிருந்தாள்.

"இப்ப இது எதுக்கு?" என்றேன்.

"இன்னா டீச்சரம்மா இப்டி கேக்குற? உங்க பண்டிகைக்குத்தான். தாத்தா வருசா வருசம் சொல்லுவாரே, நல்லா பச்சையா, நுனி ஒடியாம கொண்டானு."

"இந்த வருஷம் யாரும் சொல்லலையே."

"அவுரு எப்டி சொல்லுவாரு, வாய் வராம படுத்துகீறாரு. அதுக்கோசரம் நான் மறந்துடுவேனா? பஸ்ஸுல அந்த கண்டக்டரு ஏத்தமாட்டேன்னு இன்னா பேஜாரு பண்ணான் தெரியுமா? சண்ட போட்டு எடுத்தாந்துகீறேன்."

எனக்கு அழுகை வரும்போல் இருந்தது, சந்தோஷத்தில் இல்லை. இன்னொரு வேலை வந்து வாசலில் நிற்கிறதே என்றுதான். எடுத்துக்கொண்டு போ என்று சொல்ல வாய் வரவில்லை. கிளையைக் கிணற்றடியில் சாத்தி வைத்தேன். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து ஒரு பிடி கிளிஞ்சல்களைத் திண்டில் கொட்டினாள். "பாப்பாக்கு" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குக் குரல் கொடுத்தபடி போய்விட்டாள்.

இரண்டு நாள் அந்தக் கிளை அங்கேயே கிடந்தது. தூறலும் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமலே தண்ணீர் இறைத்தேன்.

இருபத்தி நாலாம் தேதி சாயங்காலம் மகள் என் புடவையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கணவர் முந்தின நாளே விழுப்புரம் பக்கம் டியூட்டிக்குப் போயிருந்தார். விடிந்த பிறகுதான் வருவார்.

"அம்மா, எல்லார் வீட்லயும் ஸ்டார் கட்டியாச்சு. நம்ம வீட்ல ஒண்ணுமே இல்ல. அந்தக் கிளையையாவது வைக்கலாம்மா."

"காகிதம் எல்லாம் போச்சு. எதை வச்சு ஜோடிப்ப?"

"கிளிஞ்சல் இருக்கு. சவுக்குக் காய் இருக்கு. அது போதும்."

அவள் ஏற்கனவே கிளையிலிருந்து காய்களைப் பறித்து ஒரு டம்ளரில் சேர்த்து வைத்திருந்தாள். முடியாது என்று சொல்லி அவளைச் சமாதானப்படுத்துவதைவிட வைத்துவிடுவது சுலபமாகத் தோன்றியது. ஈரத்தை உதறக்கூட இல்லை. கட்டோடு தூக்கிக்கொண்டு வந்து, மாமாவின் தலைமாட்டில் ஜன்னல் கம்பியோடு சேர்த்துக் கட்டினேன். கிளை அகலமாக இருந்ததால் பாதி கட்டிலின் மேல் சாய்ந்து நின்றது. ஈரச் சவுக்கின் வாசம் அறை முழுக்கப் பரவியது. மகள் நூலில் காய்களைக் கோத்தாள். நான் ஸ்டூலில் ஏறி அவற்றைக் கிளையில் தொங்கவிட்டேன்.

"வேண்டாம்" என்றார் மாமா.

நான் திரும்பவில்லை. இன்னொரு சரம் கட்டினேன்.

"வேண்டாம். வேண்டாம்."

இடது கையால் கட்டில் சட்டத்தைத் தட்டினார். எட்டிப் பார்த்தேன். முகத்தில் அதே சுளிப்பு. எனக்குப் பழைய முதல் வருஷம் ஞாபகம் வந்தது. தோரணத்தை அவர் அவிழ்த்தது, நான் கதவோரம் நின்று அதைப் பார்த்தது, எல்லாம்.

"சரியா இருக்கு மாமா. கோணல் ஒண்ணும் இல்ல" என்றேன்.

"வேண்டாம்! வேண்டாம்! வேண்டாம்!"

அப்போது எனக்குள் ஏதோ அறுந்தது. ஸ்டூலிலிருந்து இறங்கினேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல் கேட்டது.

"எது வேண்டாம்? சொல்லுங்க, எது வேண்டாம்? நான் கட்டினா வேண்டாமா? பன்னெண்டு வருஷமா எதுதான் உங்களுக்குப் புடிச்சுது? இருட்டுல எழுந்து உங்க பீ மூத்திரம் அள்ளிட்டு ஓடுறேனே, அதுவும் வேண்டாமா?"

மகள் டம்ளரைக் கீழே போட்டுவிட்டாள். மாமா என்னையே பார்த்தார். பிறகு வாய் கோணிக்கொண்டு அழ ஆரம்பித்தார். சத்தம் வரவில்லை. கண்ணீர் மட்டும் காது வரை ஓடியது. அப்படியும் இடது கை நிற்கவில்லை. குறுக்கே நீண்டு வலது தோளைத் தொடப் பார்த்தது. எட்டவில்லை.

மகள்தான் கிட்டே போனாள். "அம்மா, எறும்பு!"

போர்வையை விலக்கினேன். வலது கை முழுக்கச் செவ்வெறும்பு. மழைக்கு ஒதுங்க இடம் தேடிய எறும்புக் கூட்டம் ஒன்று முட்டையோடு குடியேறியிருந்தது அந்தக் கட்டுக்குள். நான் ஜன்னலில் கட்டியதும் கிளை வழியாகத் தலையணைக்கு இறங்கிவிட்டன. தளர்ந்து கிடந்த கையில் அவருக்கு உணர்ச்சி குறைவு. ஆனால் கிளையிலிருந்து அவை இறங்கி வருவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தார். கழுத்துக்கு வந்தவை அங்கே கடித்துக்கொண்டிருந்தன. அதைத்தான் தன்னிடம் இருந்த ஒரே சொல்லால் சொல்லிக்கொண்டிருந்தார்.

பிறகு என்ன செய்தேன் என்பது துண்டு துண்டாகத்தான் ஞாபகம் இருக்கிறது. கிளையைப் பிடுங்கி வாசலைத் தாண்டி எறிந்தேன். என் கையெல்லாம் கடி. அவரை அக்குளில் பிடித்து மறுபக்கம் இழுத்தேன். மகள் காலைப் பிடித்துக்கொண்டாள். மெத்தை விரிப்பு, தலையணை உறை, போர்வை, வேட்டி எல்லாவற்றையும் உருவி முற்றத்தில் போட்டேன். வெந்நீரில் துணியை நனைத்துக் கழுத்தையும் கையையும் துடைத்துத் தேங்காயெண்ணெய் தடவினேன். தோளில் ஒரு ரூபாய் அளவுக்குத் தடிப்புகள். துடைக்கும்போது நானும் அழுதுகொண்டிருந்தேன். "மன்னிச்சிடுங்க மாமா" என்று நாலைந்து தடவை சொல்லியிருப்பேன். அவர் கண்ணை மூடிக்கொண்டார். கோபமா, களைப்பா, தெரியவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் வழியில்லை.

எல்லாம் முடிந்து விளக்கேற்றியபோது அறை மொட்டையாக இருந்தது. மகள் ஒன்றும் கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. வாசலில் கிடந்த கிளையிலிருந்து நான்கு நுனிகளை மட்டும் ஒடித்தேன். வாளித் தண்ணீரில் முக்கி, உதறி, மறுபடி முக்கி, வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்தேன். ஒரு பித்தளைச் செம்பில் தண்ணீர் ஊற்றி அவற்றை நிறுத்தி, கட்டிலை விட்டுத் தள்ளி, எதிர்ச்சுவர் ஓரம் முக்காலியில் வைத்தேன். மகள் கிளிஞ்சல்களைக் கழுவி செம்பைச் சுற்றி அடுக்கினாள். நடுவில் ஒரு மெழுகுவத்தி. எந்த அளவும் பார்க்கவில்லை. நட்சத்திரம் இல்லை, தோரணம் இல்லை.

மாமா கண்ணைத் திறந்து அந்தப் பக்கம் பார்த்தார். நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் சுளிப்பு இருந்தது. அப்போதுதான் கவனித்தேன்: விழுந்த நாளிலிருந்து அவர் முகம் ஒரு பக்கம் இழுத்தபடிதான் இருக்கிறது. அந்தச் சுளிப்புக்கு இனிமேல் எந்த அர்த்தமும் இல்லை. இரண்டு மாசமாக நான்தான் அதைப் படித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

அதிகாலை ஆராதனைக்கு எழவேண்டும் என்று சேலையை எடுத்து வைத்துவிட்டு, அவர் பக்கத்து நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். கண் விழித்தபோது ஜன்னலில் நல்ல வெளிச்சம். கோயில் முடிந்து ஜனங்கள் புதுத் துணியில் தெருவில் திரும்பிக்கொண்டிருந்தார்கள். மகள் எனக்கு முன்னால் எழுந்து, பன்னைப் பாலில் ஊறவைத்துத் தாத்தாவுக்கு ஊட்டிக்கொண்டிருந்தாள். கணவர் டியூட்டி உடுப்போடு வாசலில் நின்றார்.

"கோயிலுக்குப் போகலையா?"

"தூங்கிட்டேன்."

அவர் முற்றத்தில் குவிந்துகிடந்த துணிகளையும் என் கைத் தடிப்புகளையும் பார்த்தார். எறும்பு வந்த கதையைச் சொன்னேன். கத்தியதைச் சொல்லவில்லை. மகளும் சொல்லவில்லை. அவர் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் காப்பிக்குத் தண்ணீர் வைத்தார்.

மாமா அதற்குப் பிறகு இரண்டு வருஷம் இருந்தார். அடக்கம் முடிந்து சொந்தக்காரர்கள் எல்லோரும் ஊர் திரும்பிய அன்று, காலியான கட்டிலைப் பிரித்து வெளியே எடுக்கும்போது, அந்தச் சாயங்காலம் நான் என்னவெல்லாம் பேசினேன் என்பதைக் கணவரிடம் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கட்டில் காலைக் கையில் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு கீழே வைத்தார்.

"நான் ஒரு தடவை அப்பாவ அடிக்கவே கை ஓங்கியிருக்கேன்" என்றார். "நீ ஸ்கூல்ல இருந்தப்ப. உன்கிட்ட சொல்ல வெக்கமா இருந்துச்சு."

அறை நடுவில் தரையில் இருவரும் உட்கார்ந்துவிட்டோம். எழுந்திருக்க ரொம்ப நேரம் பிடித்தது.