கேள்வித்தாளில் இல்லாத சண்டை

இரண்டு ஞாயிறுக்கு முன்னால் குரூப் ஃபோர் தேர்வு எழுதினேன். மூன்றாவது தடவை.

'இன்னுமா எழுதுறே?' என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. போன தடவை இரண்டே இரண்டு கேள்வியில் வேலை கைநழுவிப் போனதை இந்தப் பக்கத்தில்தானே புலம்பினேன்! அந்த இரண்டும் என்ன தெரியுமா? புதிர்க் கணக்கு. ஐந்து பேர் வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள், இவனுக்கு இடப்பக்கம் அவன் — அந்த வகையறா. பார்த்தவுடன் கை வியர்த்தது. ஐந்தாவது வட்டத்தை நிரப்பிவிட்டு வந்துவிட்டேன்.

தேர்வு எழுதாதவர்களுக்கு ஒரு விளக்கம். ஒவ்வொரு கேள்விக்கும் விடைத்தாளில் ஐந்து வட்டம். நான்கு, விடைக்கு. ஐந்தாவது, 'விடை தெரியவில்லை' என்று ஒப்புக்கொள்வதற்கு. இவ்வளவு மரியாதையாகத் தோற்க வேறு எங்கே வசதி செய்து தருகிறார்கள்?

தேர்வன்று விக்கிரமங்கலத்தில் முதல் பஸ். அம்மா ஸ்டாப் வரைக்கும் வந்தாள்.

"பாத்து எழுது தம்பி."

"சரிம்மா."

"பாத்துன்னா... பக்கத்துல இருக்கறவனப் பாத்து இல்ல!"

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான்தான். தேர்வு அறையில் என்னென்ன நடக்கும் என்பது மட்டும் அம்மாவுக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது.

அரியலூரில் சென்டர். தமிழ்ப் பகுதி ஓடியது. பொது அறிவு நடந்தது. அப்புறம் வந்தது, அந்தக் கேள்வி.

ஏ, பி, சி, டி, ஈ என்று ஐந்து ஆசிரியர்கள். திங்கள் முதல் வெள்ளி வரை ஆளுக்கு ஒரு நாள் வகுப்பு. பி-க்குப் புதன். டி-க்குத் திங்களும் ஆகாது, வெள்ளியும் ஆகாது. ஈ எடுத்த மறுநாளே ஏ எடுக்க வேண்டும். சி-க்குத் திங்கள் கிடையாது. அப்படியென்றால் வெள்ளிக்கிழமை யார்?

எனக்கு எப்படித் தெரியும்? அவர்களுடைய ஹெட்மாஸ்டரை அல்லவா கேட்க வேண்டும்!

இந்த முறை வட்டம், வரிசை, ரத்த உறவு என்று கோச்சிங்கில் வகை வகையாகப் போட்டுப் பார்த்திருந்தேன். இப்படி ஒன்று வரவே இல்லை. பழைய வியர்வை திரும்பி வந்தது. கூடவே அந்தப் பழைய குரலும்... 'இதெல்லாம் வாத்தியார் வீட்டுப் பிள்ளைங்க போடுற கணக்குடா. உனக்கு வராது.'

பேனா ஐந்தாவது வட்டத்தின் மேல் போய் நின்றது.

மூடி வைத்தேன். கையைப் பேண்ட்டில் துடைத்தேன். பதில் தேடாமல், கதை படிக்கிற மாதிரி கேள்வியை மறுபடி படித்தேன். ஐந்து பேர். ஆளுக்கு ஒரு நாள். ஒருத்தருக்கு இந்த நாள் ஆகாது, இன்னொருத்தருக்கு அந்த நாள் ஆகாது...

அட, இது எங்கள் கிணற்று முறை!

எங்கள் ஊரில் ஒரு கிணறு, ஒரு மோட்டார், ஐந்து பங்கு. ஆளுக்கு ஒரு நாள் தண்ணீர் — அதற்குப் பெயர்தான் முறை. சனியும் ஞாயிறும் கிணறு ஊற விட்டுவிடுவோம். வாராவாரம் ஞாயிறு காலை மோட்டார் கொட்டகை வாசலில் கூடி, யாருக்கு எந்த நாள் என்று பேசி முடிப்பார்கள். முறை முடிந்தவர் கொட்டகைச் சாவியை அடுத்தவர் கையில் கொடுக்க வேண்டும்.

ஆங்கில எழுத்துகளைத் தூக்கிப் போட்டேன். பி, எங்கள் பெரியப்பா. டி, சித்தப்பா; திங்களும் வெள்ளியும் சிமென்ட் லோடு ஏற்றப் போய்விடுகிறவர். ஈ-யும் ஏ-யும் அந்தோணி அண்ணனும் அவர் தம்பியும். இரண்டு பேருக்கும் ஒரே ஓஸ் பைப், அடுத்தடுத்த நாள் வந்தால்தான் சௌகரியம். சி, எங்கள் வீடு. திங்களன்று அம்மா சந்தைக்குப் போவாள்.

வியர்வை நின்றுவிட்டது. எனக்குத் தெரிந்த ஆட்கள், பயம் எதற்கு?

பெரியப்பாவைப் புதனில் உட்கார வைத்தேன். அடுத்து சித்தப்பா. திங்கள், வெள்ளி இல்லை. செவ்வாய்? பெரியப்பாவுக்கு முந்தின நாள். வியாழன்? பெரியப்பாவுக்கு மறுநாள். ஐயையோ... இரண்டுமே ஆகாதே!

ஏனென்றால் இருவருக்கும் ஒன்பது வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. தன் பிள்ளையின் காதுகுத்துப் பத்திரிகையில் தன் அண்ணன் பெயரை மாமன் பெயருக்குக் கீழே போட்டுவிட்டார் சித்தப்பா. அவ்வளவுதான் விஷயம். அன்றிலிருந்து ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் சாவி வாங்குவதில்லை. ஊரில் பெரியப்பாவுக்கு ஒரு ஓரத்து நாளைக் கொடுத்துத் தப்பித்துவிடுவோம். இவர்கள் அவரைக் கொண்டுபோய் நட்டநடுப் புதனில் வைத்துவிட்டார்களே!

சித்தப்பாவுக்கு நாளே இல்லை. அடித்தேன், எழுதினேன், மறுபடி அடித்தேன். ஐந்தாவது வட்டம் மறுபடியும் கூப்பிட்டது.

கடைசியாக ஒருமுறை, வரிக்கு வரி விரல் வைத்துப் படித்தேன். புதன் இருக்கிறது. திங்கள், வெள்ளி இருக்கிறது. ஓஸ் பைப் இருக்கிறது. சந்தை இருக்கிறது. சண்டை எங்கே?

இல்லை! அது கேள்வித்தாளிலேயே இல்லை. நான்தான் ஊரிலிருந்து பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறேன். இன்னொன்றும் அப்போதுதான் உறைத்தது. 'உனக்கு வராது' என்ற வரியும் அந்தத் தாளில் எங்கேயும் அச்சாகவில்லை. அதுவும் என் கைச்சரக்குதான்.

இரண்டு பேரையும் அந்த நிமிஷமே ராசியாக்கினேன். சித்தப்பாவைச் செவ்வாயில் வைத்தால், அடுத்தடுத்த நாளாக வியாழனும் வெள்ளியும் அந்தோணி அண்ணன் வீட்டுக்குப் போய், எங்கள் வீட்டுக்குத் திங்கள் விழுகிறது; அம்மாவுக்குச் சந்தை. ஆகாது. ஆக, பெரியப்பா புதன், சித்தப்பா வியாழன். திங்களும் செவ்வாயும் அந்தோணி அண்ணன் வீட்டுக்கு. அப்படியென்றால் வெள்ளிக்கிழமை?

எங்கள் வீடு! சி!

போன சனிக்கிழமை உத்தேச விடைகள் வெளியாயின. சி-தான். இதே ரகத்தில் வந்த இன்னும் இரண்டும் சரி. முடிவு வர மாதக் கணக்கில் ஆகும் — ஆனால் இந்தத் தடவை ஐந்தாவது வட்டம் ஒன்றைக்கூட நான் தொடவில்லை.

மறுநாள் ஞாயிறு. கொட்டகை வாசலில் எல்லாரும் இருந்தார்கள்.

"என்ன தம்பி, பரீட்ச எப்படி?" என்றார் அந்தோணி அண்ணன்.

"நம்ம கிணத்து மொறயத்தான்ணே கேட்டிருந்தாங்க."

"நம்மளதையா? நம்ம வண்டவாளம் கவர்மெண்டு வரைக்கும் போயிடுச்சா?"

முழுக் கதையையும் சொன்னேன். அம்மா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பெரியப்பா கொட்டகைக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னயக் கேக்காம எவன்டா எனக்குப் புதன் போட்டது?"

சித்தப்பா இரண்டு முழம் தள்ளித்தான் நின்றார். ஆனாலும் என்னிடம்தான் கேட்டார். "டேய், அவரு சாவிய எங்கிட்ட எப்படிக் குடுத்தாராம்? கேட்டுச் சொல்லு."

நான் திரும்பினேன். பெரியப்பா முந்திக்கொண்டார். "கேள்வியில அதப் பத்தி ஏதாச்சும் போட்டிருந்தானாடா?"

"இல்லைங்க பெரியப்பா."

"போடலேன்னா என்ன அர்த்தம்? குடுத்துட்டேன்னு அர்த்தம்."

அந்தோணி அண்ணன் விடுவாரா? "அப்ப இந்த வாரம் பெரியவருக்குப் புதன், இவருக்கு வியாழன். போட்டுடலாம்ல?"

ஒருவரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எங்கள் கிணற்றடியில் அதற்குச் சம்மதம் என்று பெயர்.

சாவி கைமாறியபோது நான் கூலி வேலைக்குப் போயிருந்தேன். அம்மாதான் சொன்னாள். "உங்க பெரியப்பா சாவிய நீட்டி, 'காலையில ஆறு மணிக்குத்தான் கரண்டு'ன்னாரு. சித்தப்பா 'தெரியும்'னாரு."

ஒன்பது வருஷத்தில் முதல் பேச்சு. போதாதா?

இன்று வெள்ளி. இதை வரப்பில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். வாய்க்காலில் எங்கள் வீட்டுத் தண்ணீர் ஓடுகிறது.

விடை: சி.