பாப்பாரப்பட்டிக்குக் கொண்டுபோன கயிறு

ஒகேனக்கல் போகிறவர்களுக்காகப் பென்னாகரம் ரோட்டைப் பற்றி எத்தனையோ முறை எழுதிவிட்டேன். போன வாரம் ஒரு வாசகர், "பாப்பாரப்பட்டிக்கு அந்தாண்டை மாதா கோயில் ஒன்று இருக்கிறதாமே, மணிக்கூண்டு அழகாக இருக்குமாமே, எப்படிப் போவது?" என்று கேட்டிருந்தார். வழி தெரியும். எழுபதுகளின் தொடக்கத்தில், மழை பொய்த்த ஒரு வருஷம், பங்குனி வெயிலில் ஒரே ஒரு தடவை போயிருக்கிறேன். அதற்குப் பிறகு அந்தப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை.

நான் அப்போது தருமபுரியில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தேன். அக்கா செசிலி அதியமான்கோட்டையில் இருந்தாள். அவள் வீட்டுக்காரர் அந்தோணி கொத்தனார், எனக்கு மாமா. அந்த மணிக்கூண்டு வேலைக்குப் போயிருந்தவர், ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வந்தபோது, "அம்பது அடி ஏறிட்டோம்" என்று பெருமையாகச் சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்குச் சோறு இறங்கவில்லை. முந்தின வருஷம்தான் ஒரு பள்ளிக்கூடக் கட்டடத்தில் சாரத்துப் பலகை புரண்டு விழுந்தார். கீழே மணல் கொட்டியிருந்ததால் தோள்பட்டையோடு போயிற்று.

செவ்வாய்க்கிழமை காலையில் புதுக்கயிறு ஒன்றைத் தூக்கிக்கொண்டு அக்கா என் அறைக்கு வந்துவிட்டாள். "இத இடுப்புல கட்டிக்கிட்டு வேல செய்யச் சொல்லு. நான் சொன்னா சிரிப்பாரு. நீ கூட நின்னு கட்டிவுட்டுட்டு வா" என்றாள். கடையில் சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

எனக்குக் கிடைத்தது இண்டூர் வழியாகச் சுற்றிப் போகிற பஸ். பன்னிரண்டு மைலுக்கு மேல் இருக்கும், ஒன்றேகால் மணி நேரம் ஆயிற்று. கயிற்றுக்குத் தனியாக லக்கேஜ் டிக்கெட் பத்து பைசா. கண்டக்டர் கயிற்றைத் தூக்கிப் பார்த்து, "மாட்டுக்குங்களா?" என்றார். "எங்க மாமாவுக்கு" என்றேன். "அவ்வளவு முரண்டு புடிப்பாருங்களா உங்க மாமா?" என்று கேட்க, பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன்.

பாப்பாரப்பட்டியில் இறங்கி இரண்டரை மைல் வண்டிப்பாதையில் நடக்க வேண்டும். இந்த இடத்தில், தாகம் எடுத்தால் வழியில் மோர் கொடுப்பார்கள் என்று எழுதத்தான் ஆசை. அந்த வருஷம் தண்ணீர் கேட்கவே வாய் வரவில்லை. ராகி விதைத்த காடெல்லாம் வெறும் புழுதி. மாடுகளைப் பாதி விலைக்கு விற்றுவிட்டதாகக் கூட நடந்த ஒருவர் சொல்லிக்கொண்டு வந்தார்.

தூரத்திலேயே மணிக்கூண்டு தெரிந்தது. சுற்றிலும் சவுக்குக் கம்பங்களை நட்டு, குறுக்குக் கட்டைகளைத் தென்னங்கயிற்றால் கட்டியிருந்தார்கள். நிற்பதற்கு இரண்டே பலகை. வெளிப்பக்கம் பிடித்துக்கொள்ள ஒரு மூங்கில்கூடக் குறுக்கே இல்லை. நான் வந்த காரியத்தைச் சொன்னதும் மேஸ்திரி, "மாதா கோயில் சாரத்துல இருந்து எவனும் வுழுந்ததில்லீங்க தம்பி. அவ புடிச்சுக்குவா" என்றார். சித்தாள் பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டார்கள். மாமாவுக்கு வெட்கம். ஆனாலும், "உங்க அக்காகிட்ட யாருடா பேச்சு வாங்குறது" என்று முனகிக்கொண்டே ஒரு முனையை இடுப்பில் கட்டிக்கொண்டார். மறுமுனையைச் சுவரில் ஏற்கனவே பதித்திருந்த உத்திரத்தில் சுற்றி இறுக்கினார். சாரத்தில் நின்று வெளியே சாய்ந்தும் காட்டினார். அப்பாடா என்றிருந்தது. அன்று மத்தியானம் வரை நான் சந்தோஷமாக இருந்தேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு சித்தாள் காலி வாளியோடு வந்தாள். "வாளி எட்ட மாட்டேங்குதுங்க. தண்ணி இன்னும் கீழ போயிருச்சு." ஊருக்கே அந்த ஒரு கிணறுதான். வீட்டுக்கு வீடு இருந்த கயிறெல்லாம் ஏற்கனவே முடிச்சுப் போட்டு அதில்தான் கிடந்தது. சிமெண்டும் மணலும் கலந்து வைத்தது காய்ந்து கிடக்கிறது. முந்தின நாள் கட்டிய சுவரை நனைக்க வேண்டும், இல்லாவிட்டால் பொடிந்துவிடும். குடத்தோடு வந்த பெண்களும் கிணற்றடியில் நின்றார்கள். எல்லாரும் மேலே மாமா இடுப்பிலிருந்த கயிற்றைப் பார்த்தார்களே தவிர, ஒருவரும் வாய் திறந்து கேட்கவில்லை.

மாமா முடிச்சை அவிழ்த்தார்.

"மாமா, வேண்டாங்க" என்றேன்.

"தண்ணியில்லாம என்னடா பண்றது? ஊரே நிக்குது பாரு. நாளைக்கு வேற வாங்கிக்கலாம்" என்று சொல்லிக் கயிற்றைக் கீழே போட்டார்.

மேஸ்திரியே அதைக் கிணற்றுக் கயிற்றோடு சேர்த்து முடிந்தார். வாளி நிறைந்து வந்தது. வேலைக்கு எடுத்தது போகக் குடங்களும் நிறைந்தன. எனக்கும் ஒரு சொம்பு கொடுத்தார்கள்.

மூன்று மணி இருக்கும். நான் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருந்தேன். கலவைச் சட்டியை வாங்க மாமா பலகையின் ஓரத்துக்கு நகர்ந்தாராம், மறுமுனை தூக்கிக்கொண்டதாம். நான் சத்தத்தைத்தான் கேட்டேன். இந்தத் தடவை கீழே மணல் இல்லை, செங்கல் அடுக்கியிருந்தது. மாட்டுவண்டியில் போட்டுக்கொண்டு போனோம். பாப்பாரப்பட்டி வரும் முன்னமே மூச்சு நின்றுவிட்டது. வண்டியில் கூட வந்த மேஸ்திரி, "நேரம்" என்று ஒரு வார்த்தை சொன்னார். மாதா பிடிக்கவில்லை என்றதும் பழி நேரத்தின்மேல் போய்விட்டது. பலகையின் இரண்டு முனையையும் கட்டிப்போட எந்த நேரம் பார்க்க வேண்டும்? எனக்கு அந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் கயிற்றைக் கேட்டு வாங்கியவர் என்று ஒருவரையும் கைகாட்ட முடியவில்லை. அந்தக் குடங்களும் நிறையத்தானே வேண்டியிருந்தது.

அதியமான்கோட்டையில் அக்கா என்னைக் கேட்ட முதல் கேள்வி, "கயிறு கட்டியிருந்தாரா?" என்பதுதான். நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவள் அழவில்லை. "தண்ணி எட்டுச்சா?" என்றாள்.

"எட்டுச்சுக்கா."



கேட்ட வாசகருக்கு: இப்போது தருமபுரியிலிருந்து பஸ் அடிக்கடி இருக்கிறது என்கிறார்கள். வண்டிப்பாதை தார் ரோடாகிவிட்டதாம். காலையிலேயே போய்விடுங்கள், தண்ணீர் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மணிக்கூண்டு அழகுதான், பொய் சொல்ல மாட்டேன். நீங்களே வீடு கட்டிச் சாரம் போடுகிறவராக இருந்தால், பலகையை இரு முனையிலும் கட்டச் சொல்லுங்கள், வெளிப்பக்கம் குறுக்கு மூங்கில் கேளுங்கள், ஏறுகிறவர் இடுப்புக்குக் கயிறு வாங்கிக் கொடுங்கள். அதை வாங்கப் போகும் முன் அந்த இடத்துக் கிணற்றை ஒரு தடவை எட்டிப் பாருங்கள். தண்ணீர் கீழே போயிருந்தால் முதலில் கிணற்றுக்கு வாங்குங்கள், பிறகு மனுஷனுக்கு வாங்குங்கள். நம் ஊரில் அந்த வரிசையில் வாங்கினால்தான் இரண்டாவது கயிறு இடுப்பில் இருக்கும்.