அம்மா இருமிய இடம்

இன்னைக்கு ஆஸ்டின் டவுன் சர்ச்சுல என் கல்யாண ஒத்திகை. பாதிரியார் வாக்குறுதியைச் சொல்லச் சொல்ல, நான் திருப்பிச் சொல்லணும்.

"ஞானமுத்து ஆகிய உம்மை என் கணவராக..."ன்னு சத்தமா ஆரம்பிச்சேன்.

பின் பெஞ்சிலிருந்து அம்மா பதறி ஓடி வந்தாங்க. "அடிப்பாவி! கட்டிக்கப் போறவர் பேரை இப்படியா கூசாம சொல்லுவே?"

நான் திருப்பிக் கேட்டேன்: "சுதந்திரமே வந்தாச்சு, பேரைச் சொல்லக்கூடாதா? உன் கல்யாணத்துல நீ என்ன சொன்னே?"

"பேர் வர்ற இடத்துல இருமிட்டேன்."

பாதிரியார் புஸ்தகத்தை மூடிட்டாரு. அப்பா அம்மாவையே திரும்பிப் பார்த்தாரு.

திரும்பி வர்றப்போ பஸ்ஸுல அப்பா கேட்டாரு: "அப்ப நீ யாரைத்தான் கட்டிக்கிட்டே?"

அம்மா மறுபடியும் இருமினாங்க.

உங்க வீட்லயும் அம்மாவைக் கொஞ்சம் கேட்டுப் பாருங்களேன்!